ஃபைபர் விளக்கு ஏன் எரியவில்லை?

கேள்வி: மில் அலுவலகத்திலிருந்து 400 மீட்டர் தள்ளியுள்ள குடோனுக்கு ஒற்றை இழை ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஒரே மாடல் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியை லேன் கேபிள் சிக்னலாக மாற்றும் பெட்டி) வைத்தோம். ஃபைபர் விளக்கு எரியவில்லை. கன்வெர்ட்டர் பழுதா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: பழுது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ‘ஒரே மாடல்’ என்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். ஒற்றை இழைக் கன்வெர்ட்டர்கள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரைப் பாருங்கள். டிஎக்ஸ் என்பது அனுப்பும் ஒளியின் அலைநீளம், ஆர்எக்ஸ் என்பது பெறும் ஒளியின் அலைநீளம். ஒன்றில் ‘டிஎக்ஸ் 1310, ஆர்எக்ஸ் 1550’ என்றிருந்தால் மற்றதில் தலைகீழாக இருக்க வேண்டும். இரண்டுமே 1310 நானோமீட்டரில் அனுப்பினால், 1550-க்குக் காத்திருந்தே பொழுது போகும். கடையில் ‘ஏ ஒன்று, பி ஒன்று’ என்று கேட்டு மாற்றுங்கள்.

அப்புறம் கனெக்டரின் நிறம். இணைய இணைப்புக்காரர்கள் போடும் பச்சை எஸ்சி-ஏபிசி கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வு. கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் கேட்பது சாய்வில்லாத நீல யுபிசி. பச்சையும் அதில் கச்சிதமாக உட்காரும். ஆனால் உள்ளே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முனையும் கெடும்.

ஒரு பக்கம் 100 எம்பிபிஎஸ், மறுபக்கம் கிகாபிட் என்றாலும் பொதுவாக லிங்க் வராது. பின்னால் எஸ்எஃப்பி ஸ்விட்ச் (ஃபைபர் மாட்யூலைத் தனியாகச் செருகும் வகை) வாங்கினால், வேறு கம்பெனி மாட்யூலை அது ஏற்குமா என்று முதலில் கேளுங்கள்.

சோதிக்கிறேன் என்று இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.