சம்பளம் குறைந்தால் ஆசீர்வாதமும் குறையுமா?

அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த மகள், கைக்கு வரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை விட்டுவிட்டு ஆக்குப்பேஷனல் தெரபிதான் (நோயாலோ குறைபாட்டாலோ முடங்கியவர்களுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சை) படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "கர்த்தர் கொடுத்த மூளையை வீணாக்குகிறாளே" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எது வீண் என்பதில்தான் எனக்கு உங்களோடு ஒத்துப்போகவில்லை.

மகனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை, நல்ல பேக்கேஜ் என்று சபையில் ஒருவர் சாட்சி சொன்னால் எல்லாரும் அல்லேலூயா சொல்கிறோம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த பிள்ளைக்காக அப்படிச் சாட்சி சொல்லிக் கேட்டது அபூர்வம். ஊரார் வைத்திருக்கும் அளவுகோலையே எடுத்து, அதன்மேல் ஒரு வசன ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் திருடனும் அல்ல, சோம்பேறியும் அல்ல. நிலம் நன்றாக விளைந்தது, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டான். இன்றைக்கு இருந்தால் வாலிபர் கூட்டத்தில் பேச நாமே அவனை அழைத்திருப்போம். தனக்காகவே சேர்த்து வைக்க நினைத்த அவனைத்தான் தேவன் "மதிகேடனே" என்றார்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் இங்கிலாந்தில் சில வருஷம் தச்சும் கொத்து வேலையும் கற்றார். மருத்துவம் படித்தது அதற்குப் பிறகுதான். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால் வருஷம் வீணாகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்வோம். 1946இல் வேலூருக்கு வந்தவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தால் மட்டும் பிழைப்பு நடக்குமா? முடங்கிய கையைக் காட்டிப் பிச்சை எடுத்தவர்களுக்கு இனி ஒரு தொழில் வேண்டும். உணர்ச்சி செத்த கையால் காயப்படாமல் உளியும் ரம்பமும் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பட்டறை நடந்தது. அவர் தச்சு கற்ற வருஷங்கள் அங்கே கைகொடுத்தன.

உங்கள் மகள் படிக்க நினைப்பதும் ஏறக்குறைய அந்த வேலைதான். பக்கவாதம் வந்தவர் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடவும், ஆட்டிசம் உள்ள குழந்தை ஸ்பூன் பிடித்துச் சாப்பிடவும் பழக்குவது. ஒரு பொத்தானுக்கு நாலு வாரம்கூட ஆகலாம். மூளைக்கு வேலை இல்லாத படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்காக கம்ப்யூட்டர் படிப்பது பாவம் என்று சொல்ல வரவில்லை. கூடாரம் தைத்துச் சம்பாதித்தபடியேதான் பவுல் ஊழியம் செய்தார். பணக் கணக்கு பார்ப்பதும் அவிசுவாசம் அல்ல. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் அதே பவுல்தான். உங்கள் கணவர் ரிட்டயர் ஆகப்போகிறார், வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. ஆகவே வீட்டு நிலவரத்தை ஒளிக்காமல் மகளிடம் சொல்லுங்கள். ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் படிப்பு நாலரை முதல் ஐந்து வருஷம். கல்விக் கடன் பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கிடைக்கும். நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று வங்கியில் கேட்டு, அவள் கையாலேயே எழுதிப் பார்க்கட்டும்.

இன்னொன்று அவளுக்கு. ஊழியம் என்ற வார்த்தையைக் கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கும் வழியாகப் பயன்படுத்தும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் அந்த ரகமா என்பது கடிதத்தில் தெரியாது. பக்கத்து ஊர் மறுவாழ்வு மையத்தில் அனுமதி வாங்கி ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எச்சில் வழியும் குழந்தை, கோபப்படும் நோயாளி, அலுத்துப்போன அம்மா எல்லாரையும் பார்த்த பிறகும் அதே பேச்சு பேசினால் தடுக்காதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் சம்பளம் கேட்பார்களே என்றும் எழுதியிருந்தீர்கள். சம்பளத்தைப் பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள் நகையையும் எண்ணத்தான் செய்வார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலும் அந்தப் பேச்சு உங்களை விடாது. அதற்காகப் பதினேழு வயதிலேயே அவள் படிப்பை மாற்ற வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் இந்த வருஷத்துக் கையேட்டையே வாங்குங்கள். திருச்சபைப் பரிந்துரையில் சேரும் சில படிப்புகளுக்கு, முடித்தபின் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒப்பந்தம் உண்டு. எத்தனை வருஷம், எந்த ஊர், தங்குமிடம் தருவார்களா என்பதை உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.