முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

காரைக்குடியிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் வரலாறு படிக்க விரும்புவதும், அவளுடைய அம்மான் சென்னையில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் பேசி வைத்திருப்பதும் தெரிந்தது. தங்கள் கவலை நியாயமானதே. ஆனாலும் அந்த இடத்தை வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. விடுமுறைதோறும் சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் படமெடுத்து, அவற்றை முப்பரிமாண உருவங்களாக்கிப் பார்க்கும் பெண், கணினியை எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள்.

தொல்லியலில் கணினிக்கும் வேலை உண்டு. அகழாய்வில் தோண்டி அகற்றிய மண்ணடுக்கை மறுபடி அடுக்க இயலாது. ஆகவே, ஒரு முதுமக்கள் தாழியை வெளியே எடுக்கும் முன், அருகில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை மீண்டும் காட்டும்படி சுற்றிச் சுற்றிப் படமெடுக்கிறார்கள். அப்படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் தாழியின் வடிவத்தையும் அது கிடந்த நிலையையும் கணக்கிட்டுத் தருகிறது. மங்கிய பாறை ஓவியங்களில் கண்ணுக்குத் தப்பும் கோடுகளை, நிற வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் மென்பொருள் மீட்கிறது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றாலும் விளக்கொளியாலும் கெடத் தொடங்கியதால் 1963இல் மூடப்பட்ட பிரான்சின் லாஸ்கோ குகையை, லேசர் அளவீட்டின் துணையோடு உருவாக்கி 2016இல் திறந்த நகலில் இன்று பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நம் சிவகங்கை மாவட்டத்தில் கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளில் இரண்டுக்கு 2025இல் கணினி வழியே முகம் கொடுத்திருக்கிறார்கள்.

வரலாற்றில் இளங்கலையை வீட்டிலிருந்தே படிக்கட்டும். முதுகலை முடித்ததும், சென்னையில் தமிழ்நாடு தொல்லியல் மற்றும் அருங்காட்சியகவியல் நிறுவனமோ, கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறையின் நிறுவனமோ நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு முயலலாம். படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்யும் மெஷ்ரூம், அவ்வுருவத்தைத் திருத்தும் பிளெண்டர், நிலவரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் ஆகிய மென்பொருள்கள் மூன்றும் இலவசம். செலவு செய்வதானால் நல்ல வரைகலை அட்டை உள்ள மடிக்கணினிக்கும், பழையதே ஆனாலும் நல்ல கேமராவுக்கும் செய்யுங்கள். பயிற்சிக்குத் தங்கள் வீட்டு நிலைக்கதவின் மரச்சிற்பமே போதும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றிக் கேமரா முக்காலியை நிறுத்தவோ, ஒரு பானையோட்டையேனும் எடுத்து வரவோ கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இத்துறையில் அரசுப் பணியிடங்கள் குறைவு. தொடக்க ஆண்டுகள் ஒப்பந்த வேலையிலும் சுமாரான ஊதியத்திலுமே கழியும். கடன் இல்லாதவர்களால்தான் அந்த ஆண்டுகளைத் தாங்க முடியும் என்பதால், வீட்டை அடகு வைத்து எந்தப் படிப்பிலும் சேர்க்காதீர்கள். நான் சொல்லும் படிப்புக்கும் இது பொருந்தும்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், கட்ட வேண்டாம். அம்மானிடம் அதை மகள் வாயால் சொல்ல வைக்காமல் தாங்களே சொல்லிவிடுங்கள்.