பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரைச் சீரமைக்கும்போது எதிலிருந்து தொடங்குவது, எவற்றை நவீனப்படுத்துவது?

இங்கிலாந்தில் 1970-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (நிலையான கூரையற்ற திறந்த கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், ஐந்து கியர் பெட்டி, எலக்ட்ரானிக் இக்னிஷன், புதிய டேம்பர்கள் (சக்கரங்களின் அதிர்வை அடக்குபவை) என்று வாங்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போட்டுவிட்டதாகவும், எதை முதலில் செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே காலத்து வண்டி ஒன்றை 4 குளிர்காலங்கள் உழைத்து மீட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டிலிருந்து தொடங்குங்கள்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) உண்டு, எம்.ஜி.பி.க்கு அது கிடையாது. உடற்கூடே வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே வண்டி தொய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பில் பெரும்பங்கு கதவின் கீழே ஓடும் ‘சில்’ எனப்படும் பெட்டிப் பகுதிக்கு வந்துவிடுகிறது. வெளியே நம் கண்ணுக்குத் தெரிவது அதன் வெளித்தகடு மட்டுமே. உள்ளே ஓர் உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, அடியில் கோட்டை மதில் போல வெட்டுகள் கொண்ட ‘காசில் ரயில்’ என்ற பகுதி ஆகியவை இருக்கின்றன. குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு ஈரத்தோடு இந்தப் பெட்டிக்குள் புகுந்து தங்கிவிடுவதால், துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயிண்டில் குமிழ் தெரியும் நாளில் உள்தகடு பாதி போயிருக்கும்.

என் வண்டியை வாங்கும்போது இடப்பக்கச் சில் பளபளவென்று இருந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் சில இடங்களில் ஒட்டவில்லை. சுரண்டினேன், விரல் கனத்துக்குப் பட்டி வந்தது, அதன் பின்னால் முன்பு யாரோ டிங்கரிங் செய்தவர் பழைய துருத் தகட்டின் மேலேயே ஒட்டிவிட்டிருந்த ஒரு மேல்மூடித் தகடு வந்தது, அதையும் வெட்டி எடுத்தபோது காசில் ரயில் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் போன்ற தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே 2 மில்லிமீட்டர், கீழே 6 மில்லிமீட்டர் என்று இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது: வண்டி நடுவில் தொய்ந்திருந்தது. அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்திருந்தால், தொய்வு அப்படியே நிலைத்துப் போயிருக்கும். எனவே முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, உடற்கூட்டை நேராக்கி, கதவைக் கழற்றி, கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்த பிறகுதான் பழையதை வெட்டத் தொடங்கினேன். சில்லின் முன்முனை முன் இறக்கைத் தகட்டுக்குள் மறைந்திருப்பதால் அதையும் கழற்றியாக வேண்டும். பின் இறக்கையின் அடிப்பகுதியை வெட்டியாக வேண்டும். ஒவ்வொரு தகட்டையும் நாலைந்து புள்ளிகளில் மட்டும் பற்றவைத்து, சட்டத்தை எடுக்காமல் கதவை மாட்ட வழி இருக்கும்படி அமைத்து, இடைவெளியை அளந்து பார்த்த பிறகே முழு வெல்டிங்குக்குப் போனேன். ஒரு பக்கத்துக்கு ஒரு குளிர்காலமே ஆயிற்று. இந்த வேலையைச் சுருக்கமாக முடிக்க வழி உண்டு என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உடற்கூடு முழுவதுமே கைவிட்ட நிலையில் இருந்தால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய மூல அச்சுகளைக் கொண்டு 1988 முதல் தயாரித்துவரும் புதிய கூட்டைப் பற்றி யோசிக்கலாம். விலை அதிகம், ஆனாலும் எல்லாப் பக்கமும் துரு ஏறிய கூட்டில் செலவழியும் உழைப்பைக் கணக்கிட்டால் அது வீண்செலவு ஆகாது.

மின்சாரக் கோளாறுகளுக்காக, இந்த வண்டிகளின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தை வசைபாடுவது பழைய கார் பிரியர்களிடையே வழக்கம். என் அனுபவத்தில் பாகங்களைவிட இணைப்புகளே குற்றவாளிகள். தோட்டா வடிவ இணைப்பிகளையும் எர்த் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்தபோது பாதிக் கோளாறுகள் தாமாகவே மறைந்தன. முகப்பு விளக்குக்கான மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே செல்வதால் வெளிச்சம் மங்குகிறது. ஸ்விட்சின் சுமையைத் தாங்கள் ஏற்கும் இரண்டு ரிலேக்கள் பொருத்தினால் போதும். இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதிலாக ஒரே 12 வோல்ட் பேட்டரி வைப்பதும் நல்ல மாற்றமே.

நீங்கள் போட்ட பட்டியலில் எலக்ட்ரானிக் இக்னிஷனை நான் ஆதரிக்கிறேன். ஐந்து கியர் பெட்டியைவிட, அந்தக் காலத்திலேயே விருப்பப் பாகமாக வந்த லேகாக் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) வண்டியின் இயல்புக்குப் பொருந்துகிறது. மணிக்கு 70 மைல் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்றுகளில் அலறும் 1,798 சிசி எஞ்சின், ஓவர்டிரைவைப் போட்டதும் 3,200-க்கு இறங்கி அமைதியாகும் அந்தக் கணத்துக்காகவே நான் நெடுஞ்சாலைக்குப் போவதுண்டு. டேம்பர் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. பின்புறம் டெலஸ்கோப்பிக் வகையை (நவீனக் குழாய் வடிவ டேம்பர்) பொருத்தி ஓராண்டு ஓட்டிவிட்டுக் கழற்றினேன். முறையாகப் புதுப்பித்த பழைய லீவர் வகையே (நெம்புகோல் கையால் இயங்குவது) இந்த வண்டிக்கு இதமாக இருக்கிறது. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக் கிரீஸ் அடிப்பது எந்த மேம்பாட்டையும்விட ஸ்டியரிங்கை இலகுவாக்கும்.

எஞ்சினைப் பிரிக்கும் நாளில், ஈயமற்ற பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைப் போட்டுவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்ற வேண்டும். எரிபொருள் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்தை இதில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கிலாந்தில் 40 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு 2018 முதல் கட்டாய ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு; பெரிய மாற்றங்கள் செய்த வண்டிக்கு அது கிடைக்காமல் போகலாம். விலக்கு இருந்தும் என் வண்டியை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன். அடிப்பகுதியை இன்னொருவர் கண்ணும் பார்க்கட்டும் என்பதுதான் காரணம். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியிடம் போகும்போது ஒரு காந்தமும் ஒரு ஜாக்கும் எடுத்துச் செல்லுங்கள். உரிமையாளரின் அனுமதியோடு ஒரு பக்கத்தை உயர்த்திவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினாலோ, அதன் ஓரத்து இடைவெளி மாறினாலோ, சில் இருக்கும் நிலை தெரிந்துவிடும். விலையை அதற்குப் பிறகு பேசுங்கள்.