கேட்டால் சொல்வோம்: மணி அடிக்க ஆளில்லாத பட்டப்படிப்பு

தம் வேகத்தில் படிக்கும் ஒன்லைன் பட்டப்படிப்புகள் பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: கோட்டையில் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டப்படிப்பை ஒன்லைனில் தொடங்கியிருக்கிறேன். ஆறு மாதத்தில் இரண்டு பாடம் முடிக்க வேண்டும். "உங்கள் வசதிப்படி படிக்கலாம்" என்கிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படித்தால் போதும்?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: கணக்கை நாளிலிருந்து தொடங்காதீர்கள், கிரெடிட்டிலிருந்து தொடங்குங்கள். பிரித்தானிய முறையில் 1 கிரெடிட் என்பது 10 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் 1 கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம். ஆகவே அங்கே 15 கிரெடிட் பாடமும் இங்கே 3 கிரெடிட் பாடமும் ஒரே அளவுதான்: 150 மணித்தியாலம். இது தெரியாமல் "15 கிரெடிட்டா, பெரிய பாடம்" என்று மலைப்பவர்களும் உண்டு, "3 கிரெடிட்தானே" என்று அசட்டையாக விடுபவர்களும் உண்டு.

உங்கள் பாடங்கள் 15 கிரெடிட் வீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 மணித்தியாலம். ஆறு மாதத்தில் 26 வாரம் இருக்கிறது என்று அதை 26ஆல் வகுத்துவிடாதீர்கள். கந்தோரில் கணக்கு முடிக்கும் நாட்கள், காய்ச்சல், கல்யாண வீடு, தீபாவளி என்று ஆறு வாரமாவது கையை விட்டுப் போகும். மிஞ்சுவது 20 வாரம், அதாவது வாரத்துக்கு 15 மணித்தியாலம்.

அதை எங்கே தேடுவது? வார நாட்களில் நான்கு விடியற்காலை, 4.45 முதல் 6.15 வரை: 6 மணித்தியாலம். சனி 4, ஞாயிறு 3. ஆக 13. இருபது வாரத்தில் 260. மீதி 40க்குப் போயா தினங்கள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் 5 மணித்தியாலம் வைத்தால் ஆறு மாதத்தில் 30. (போயா ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அது கூடுதல் நாள் அல்ல, கலண்டரைப் பார்த்துக் கழித்துவிடுங்கள்.) கடைசி 10க்குப் பரீட்சைக்கு முன் இரண்டு நாள் லீவு எடுக்க வேண்டியதுதான். அந்த லீவை இப்போதே கேட்டு வையுங்கள்.

மாலையை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தவருக்கு இரவு எட்டு மணிக்குப் புதுப் பாடம் ஏறாது. அந்த நேரத்தில் குறிப்புகளை ஒழுங்குபடுத்தலாம், அடுத்த நாளுக்கான வீடியோவைத் தரவிறக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. விடியற்காலையில் எழுந்தும் நேரம் வீணாவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல. எதைப் படிப்பது என்று தீர்மானிப்பதிலேயே முதல் இருபது நிமிடம் போய்விடுகிறது. படுக்கப் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் "அலகு 4, பக்கம் 61 முதல் 74, கேள்வி 2" என்று எழுதி லப்டொப் மூடிக்குமேல் வையுங்கள். "பொருளியல் படிக்க வேண்டும்" என்று எழுதினால் பலனில்லை. பக்க எண் வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் உண்மையில் படித்த நேரத்தை ஒரு கொப்பியில் குறியுங்கள். ஓர் அலகுக்கு 8 மணித்தியாலம் என்று போட்டது 11 ஆகிறதென்றால் திட்டத்தைத்தான் திருத்த வேண்டும், உங்களையல்ல.

கேள்வி: வீடியோ விரிவுரைகளை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் விளங்குகிறது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. இரண்டாம் தடவை பார்க்கவா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரே பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பார்க்கும்போது விளங்குவது வேறு, பிறகு தானாக எடுத்துச் சொல்ல முடிவது வேறு. பரீட்சை இரண்டாவதைத்தான் கேட்கிறது.

அலகின் கடைசியில் உள்ள கேள்விகளை முதலில் வாசியுங்கள். பிறகு வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். திரையைப் பார்க்காமல் மூன்று நான்கு வரி எழுதுங்கள். விட்டுப்போனதைப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் சேருங்கள். அடுத்த நாளும், ஒரு வாரம் கழித்தும், சிவப்பில் உள்ளதை மட்டும் மூடி வைத்துச் சொல்லிப் பாருங்கள். இப்படிச் செய்தால் 40 நிமிட வீடியோவுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போகும். திட்டத்தில் அப்படியே போடுங்கள், 40 நிமிடம் என்று போட்டால் முதல் வாரமே பிந்திவிடுவீர்கள்.

கேள்வி: ஒப்படை கொடுக்கும் நேரத்தைத் தவறவிட்டேன். லண்டன் நேரம் நண்பகல் 12 என்றிருந்தது. இங்கே மாலை 5.30 என்று நினைத்திருந்தேன்.
வாசகர், தெஹிவளை

பதில்: குளிர்காலத்தில் அது சரி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரித்தானியக் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே போகிறது, நம்முடையது அசைவதில்லை. அந்த மாதங்களில் லண்டன் நண்பகல் என்றால் இங்கே மாலை 4.30. அமெரிக்கக் கிழக்குக்கரை நேரப்படி இரவு 11.59 என்று போட்டிருந்தால், இங்கே குளிர்காலத்தில் மறுநாள் காலை 10.29, கோடையில் 9.29. ஒவ்வொரு கெடுவையும் கொழும்பு நேரத்துக்கு மாற்றி போன் கலண்டரில் போடுங்கள், உங்கள் சொந்தக் கெடுவை இரண்டு நாள் முன்னதாக வையுங்கள். பிரதிபண்ணலைச் சோதிக்கும் டேர்னிட்டின் போன்ற மென்பொருளில் ஒரே ஒப்படையைத் திரும்பத் திரும்பப் பதிவேற்றினால் புதிய அறிக்கை வர 24 மணித்தியாலம் வரை ஆகலாம். அந்த இரண்டு நாள் அதற்கும் உதவும். பதிவேற்றியதும் வரும் உறுதிப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வாரம் பின்தங்கிவிட்டேன். நாளைக்கு நாலு மணித்தியாலம் கூடப் படித்துப் பிடிக்கலாமா?
வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: நாலு நாள் பிடிப்பீர்கள், ஐந்தாம் நாள் விட்டுவிடுவீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் அடுத்த ஒப்படையின் கேள்வித்தாளை எடுங்கள். அதற்கு எந்த அலகுகள் வேண்டும், அதற்கு எத்தனை சதவீதப் புள்ளி என்று பாருங்கள். தேவையான அலகுகளை முழுதாகப் படித்து, மற்றவற்றின் சுருக்கத்தை மட்டும் இப்போது வாசியுங்கள். 10 சதவீத ஒப்படைக்கும் 50 சதவீத ஒப்படைக்கும் ஒரே உழைப்பைக் கொடுப்பதுதான் பின்தங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இரண்டு பாடம் எடுத்திருந்தால் ஒன்றை அடுத்த தவணைக்குத் தள்ளலாமா என்றும் விசாரியுங்கள். விலகுவதற்கான கடைசித் தேதி கையேட்டில் இருக்கும். அதற்கு முன் விலகுவதற்கும் பின் விலகுவதற்கும் கட்டணத்திலும் பெறுபேற்றுப் பத்திரத்திலும் வேறுபாடு இருக்கலாம். தேதியை இன்றே பாருங்கள், நாளையே அது கடந்துவிடக்கூடும்.