மீண்டும் மீண்டும் தாய் ரகத்தோடு

கேள்வி: சி.ஆர். 1009 சப்-1 நெல் பிற்கலப்பு முறையில் உருவானது என்கிறார்கள். அப்படியானால் அது வீரிய ஒட்டு நெல்லா? அடுத்த பட்டத்துக்கு அதிலிருந்து விதை எடுத்து வைக்கலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: அது ஒட்டு நெல் அன்று, தாராளமாக விதை எடுத்து வைக்கலாம். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் குணம், ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிவு செய்யப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்தினுடையது. பெரும்பாலான நெற்பயிர்கள் மூழ்கியவுடன் நீர்மட்டத்தை எட்டிவிடும் அவசரத்தில் மளமளவென்று நீண்டு, கையிருப்பு மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டு, நீர் வடிந்ததும் துவண்டு விழுகின்றன. 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்-1ஏ மரபணு உள்ள பயிரோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு சுமார் இரண்டு வாரம் தாக்குப்பிடித்து மீண்டும் துளிர்க்கிறது. ஆனால் எஃப்.ஆர். 13ஏயின் விளைச்சல் குறைவு. அதனிடமிருந்து நமக்கு வேண்டியது அந்த ஒரு குணம் மட்டுமே.

ஆகவே இரண்டையும் சேர்த்த முதல் கலப்பில் பாதிக்குப் பாதியாகப் பிறந்த செடியை மறுபடியும் சி.ஆர். 1009 உடனேயே சேர்க்கிறார்கள். இதுதான் பிற்கலப்பு. முதல் நாள் மாலையில் பூவின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிரைக் காகித உறையால் மூடி, மறுநாள் முற்பகலில் மற்றதன் மகரந்தத்தை உதறுவார்கள். கண்ணுக்கும் கைக்கும் பொறுமை வேண்டிய வேலை. இப்படி ஒவ்வொரு முறையும் தாய் ரகமான சி.ஆர். 1009இன் பங்கு சராசரியாக 75, 87.5, 93.75 சதவீதம் என்று ஏறுகிறது. சராசரி என்பதைக் கவனியுங்கள்: ஒன்பதாவது குரோமோசோமில் சப்-1ஏ மரபணுவை ஒட்டியிருக்கும் வேண்டாத மரபணுக்கள் எளிதில் கழன்றுவிடுவதில்லை. நாற்றிலேயே மூலக்கூறு அடையாளங்களை, அதாவது எந்த மரபணு வந்திருக்கிறது என்று காட்டும் டி.என்.ஏ. குறிகளைப் பார்த்து, வேண்டியதை வைத்திருந்து வேண்டாததை உதறிய செடிகளைத் தேர்வதால்தான் இரண்டு மூன்று பிற்கலப்பிலேயே வேலை முடிகிறது. கடைசியில் தன் மகரந்தச் சேர்க்கையால் குணத்தை நிலைப்படுத்துவதால், அதன் விதை தாயைப் போலவே முளைக்கும். கலவன் கதிர்களை மட்டும் அவ்வப்போது களைந்துவிடுங்கள். ஒன்று மட்டும்: நேரடி விதைப்புக்குப் பின் முளைக்கும் முன்பே வயலில் நீர் தேங்கினால் இந்த மரபணு கைகொடுக்காது, வளர்ந்த பயிருக்கே அது காப்பு.

கேள்வி: என் கலப்பின ஜெர்சிப் பசுவுக்கு மறுபடியும் தூய ஜெர்சி சினை ஊசி போடலாமா? (வாசகி, தாராபுரம்)

பதில்: உங்கள் பசுவில் ஜெர்சி பாதி என்றால் கன்றில் முக்கால் பங்காகிவிடும். நெல்லில் செய்வது போல ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுப்பதில்லை இது. பாலோடு சேர்த்து வெயில் தாங்காத தன்மையும் வரும். நடுப்பகலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கும் மாடு தீவனத்தைக் குறைக்கும், பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். தாராபுரத்து வெயிலுக்குப் பாதி ஜெர்சி இரத்தமுள்ள கலப்பினக் காளையின் உறைவிந்தே பொருந்தும் என்பது என் கருத்து. ஊசி போட வருபவரிடம் உறைவிந்துக் குச்சியில் அச்சிட்டிருக்கும் இனத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.