பார்பிக்யூ விருந்தில் வாங்கிய துப்பாக்கி: பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: டாலஸுக்கு வடக்கே குடும்பத்தோடு இருக்கிறேன். ஐ.டி. வேலை, எச்-1பி விசா. க்ரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வருஷா வருஷம் தோட்டத்தில் பார்பிக்யூ விருந்து வைப்பார். வருகிறவர்கள் அலங்காரத் துப்பாக்கிகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்து ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். போன விருந்தில் அவருடைய நண்பர் ஒருவர், கையால் செதுக்கிய, கோல்ட் (Colt) கம்பெனியின் பழைய ஒரிஜினல் 1911 மாடல் என்று சொல்லி ஒரு பிஸ்டலை 2,400 டாலருக்கு எனக்கு விற்றார். அதைத் தோல் வாரோடு இடுப்பில் மாட்டி எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். கடையில் காட்டினால், அது பிற்பாடு செய்தது, வேலைப்பாடும் மெஷினில் போட்டது என்கிறார்கள். பணத்தைக் கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். பணம் தராவிட்டால் போலீஸில் சொல்வேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டால் ஜெயிக்குமா? அதற்குள் பிஸ்டலை மனைவி பெயருக்கு மாற்றி வைக்கட்டுமா? வேட்டை லைசென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார், உண்மையா?

பதில்: வழக்குப் போடாதீர்கள். இனி ஒரு மெசேஜும் அனுப்பாதீர்கள். விற்றவர் பொய் சொன்னார், சிரித்தார், பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பக்கம் பேசவில்லை என்பதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் முகவரி சொல்வது போல முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நீங்கள் எச்-1பியில் இருக்கிறீர்கள்.

எச்-1பி, எல்-1 வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, பி-2 சுற்றுலா விசா என்று குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பது ஃபெடரல் குற்றம், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, பிரிவு 922(ஜி)(5). 2022 ஜூனில் சட்டத்தைத் திருத்திய பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. க்ரீன் கார்டு கையில் வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. உங்களுக்கு ஐ-140 தான் ஆகியிருக்கிறது. அது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் காகிதம், அந்தஸ்தை மாற்றாது.

நம்மவர்கள் ஏன் இதில் விழுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டெக்சஸில் இது பழைய வழக்கம். விசேஷத்துக்கென்றே வைத்திருக்கும் துப்பாக்கிக்கு ‘பார்பிக்யூ கன்’ என்றே பெயர்: வெள்ளிப் பூச்சு, உடம்பெல்லாம் கொடிவேலை, தந்தத்திலோ மெஸ்கீட் மரத்திலோ பிடி, பூ செதுக்கிய தோல் வார். கல்யாணத்துக்கு நம் வீட்டில் பெட்டியிலிருந்து காசுமாலையை எடுத்துப் போட்டுக்கொள்வது போலத்தான் அவர்கள் அதை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ராத்திரி முழுக்க ஓக் விறகுப் புகையில் வெந்த பிரிஸ்கெட்டை (மாட்டு மார்புக்கறியை) வெட்டிக் கொடுக்கிற கையே, தோட்டாவை எடுத்துவிட்டு பிஸ்டலையும் உங்களிடம் நீட்டும். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, மரியாதைதான். “இங்கே லைசென்ஸே வேண்டாமப்பா” என்று அவர் சொல்வதும் அவர் வரையில் உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது ஆனவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். தனியார் இருவர் விற்று வாங்கினால் பின்னணிச் சோதனையும் கிடையாது. ஆனால் அந்த மாநிலச் சட்டமே, வேறு சட்டப்படி தடை இல்லாதவருக்கு மட்டும்தான் என்கிறது. உங்களுக்குத் தடை இருக்கிறது. கடையில் வாங்கியிருந்தால், துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் 4473 படிவத்தில் உங்கள் விசாவைப் பற்றி நேராகவே கேட்டிருப்பார்கள், அங்கேயே நின்றிருப்பீர்கள். தோட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் வழக்குக்கு வருகிறேன். ஜஸ்டிஸ் கோர்ட்டின் வரம்பு 20,000 டாலர். உங்கள் தொகை அதற்குள் அடங்கிவிடுகிறது, வக்கீலே இல்லாமல் நீங்களே வாதாடலாம், அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? “இன்ன தேதியில் எதிர்வாதியிடம் கைத்துப்பாக்கி வாங்கினேன், அது இன்றும் என் வசம் உள்ளது.” இந்த இரண்டு விஷயத்தையும் தொடாமல் மனு எழுதுவது கஷ்டம். அவை இரண்டும் உங்கள் கையெழுத்தோடு நீங்களே கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். கோர்ட் ஆவணத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிர்த் தரப்பு வக்கீல் சுமாரானவராக இருந்தாலும் முதல் கேள்வி “நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும். பதில் சொன்னால் மாட்டினீர்கள். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்னும் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லி வாயை மூடிக்கொண்டால் சிவில் வழக்கில் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். 2,400 டாலருக்காக இதைச் செய்ய வேண்டாம்.

“சட்டம் இப்படி என்று எனக்குத் தெரியாதே” என்பீர்கள். இந்த இடத்தில் பலரும் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ரெஹைஃப் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரெஹைஃப் என்பவர் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் படிக்க வந்த மாணவர். படிப்பு நின்று விசா அந்தஸ்து போன பிறகு ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார், அதற்காகத் தண்டிக்கப்பட்டார். தன் அந்தஸ்து என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தஸ்து தெரியாதிருப்பது வேறு, சட்டம் தெரியாதிருப்பது வேறு. உங்கள் எச்-1பி ஒப்புதல் கடிதமான ஐ-797 உங்கள் மேஜை அறையிலேயே இருக்கிறது. எச்-1பியில் இருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாது என்று உங்களால் சொல்ல முடியாது. ஆயுதம் வைத்துக்கொள்ளும் இரண்டாவது திருத்த உரிமையை வைத்து வாதாடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அந்த வாதத்தை ஒருவர் எடுப்பதற்கு முன் அவர் மீது குற்றப்பத்திரிகை வந்திருக்கும். அந்த இடத்துக்கு நீங்கள் போகவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிறையைவிடப் பெரிய அடி குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. 922(ஜி)(5) குற்றத்தை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்னும் கடும் குற்றங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தீர்ப்பான பிறகு, நாடு கடத்தலிலிருந்து தப்ப வழக்கமாகக் கிடைக்கும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். நீதிபதி இரக்கப்பட்டுச் சின்னத் தண்டனை கொடுத்தாலும் இது மாறாது. இத்தனை வருஷ வரிசை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒரே நாளில் போகும்.

சரி, என்னிடம் வருகிறவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று சொல்கிறேன். துப்பாக்கியை வாங்கியதைவிட, வாங்கிய பிறகு பயத்தில் செய்ததுதான் பெரும்பாலும் அவர்களைக் கவிழ்க்கிறது.

முதலாவது, நீங்கள் அனுப்பிய அந்த மெசேஜ். ஃபெடரல் சட்ட மீறலைப் பற்றி அதிகாரிகளிடம் சொல்வேன் என்று மிரட்டி, சொல்லாமல் இருக்கப் பணம் கேட்பதே தனிக் குற்றம். அதே 18ஆம் தலைப்பில் பிரிவு 873, ஓராண்டு வரை சிறை. உங்கள் பணத்தைத்தான் கேட்டீர்கள் என்றாலும் அரசுத் தரப்பு அதை அப்படிப் பார்க்காமல் போகலாம். விசா உள்ளவர் என்று தெரிந்தோ, தெரிய நியாயமான காரணம் இருந்தோ விற்றிருந்தால் அவரும் குற்றவாளிதான். ஆகவே அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பார்த்தது நேர்மாறு. பயந்தவர் முதலில் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு அரசுத் தரப்புச் சாட்சி ஆகிவிடுவார். உங்கள் மெசேஜ்தான் அவருடைய முதல் ஆவணம்.

அடுத்தது படங்கள். இடுப்பில் அந்த வாரோடு நிற்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறீர்கள். இதைப் படித்தவுடன் அழிக்கத்தான் கை போகும். அழிக்காதீர்கள். ஃபெடரல் விசாரணை வரலாம் என்று எண்ணி ஆவணத்தை அழிப்பதற்கு அதிகபட்சம் 20 ஆண்டு, அதாவது மூலக் குற்றத்தைவிட அதிகம். வக்கீல் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். அதே சமயம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். 2019 முதல் விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-160 படிவத்திலேயே கடந்த ஐந்து வருஷச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வக்கீலைப் பார்க்காமல் இப்போது ஊருக்குப் பயணம் போட வேண்டாம்.

மனைவி பெயருக்கு மாற்றுவது கூடவே கூடாது. எச்-1பிக்காரரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4ம் அதே வகை விசாதான். ஒரு குற்றம் இரண்டாகும். பெட்டியில் பூட்டி அவரிடம் சாவியைக் கொடுத்தாலும், எடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்தால் அது உங்கள் கைவசம்தான். நண்பர் வீட்டில் வைப்பது, நீங்களே வேறொருவருக்கு விற்பது, ஏரியில் எறிவது, இவை எல்லாவற்றையும் யாராவது ஒருவர் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். செய்யாதீர்கள். டிராயரில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் தடை அதற்கும் பொருந்தும்.

வேட்டை லைசென்ஸ் விஷயத்தில் நண்பர் சொன்னது பாதி உண்மை. அமெரிக்காவில் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடைக்கு விலக்கு உண்டு. டெக்சஸின் வருடாந்திர லைசென்ஸ் ஆகஸ்ட் 31 வரைதான். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் விலக்கு இல்லை. ஆனால் இன்று வாங்கும் லைசென்ஸ் நேற்றைய குற்றத்தைக் கழுவாது. பிஸ்டல் வீட்டில் இருக்கும்போது அவசரமாக வாங்கினால், தேதிகளை வரிசையாக வைத்து அரசு வக்கீல் கேட்பார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காக இல்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்காக. விருந்தில் ஐந்து நிமிடம் கையில் வாங்கிப் பார்ப்பதற்குச் சட்டத்தில் விலக்கு எதுவும் எழுதவில்லை. அதற்காக மட்டும் வழக்குப் போடுவது அரிது, ஆனால் நம்புவதற்கு அது போதாது. ஊரிலிருந்து பி-2வில் வந்த அப்பாவைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறார்கள். அப்பாவுக்கும் இதே தடைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஃபெடரல் கிரிமினல் வழக்குகள் நடத்திப் பழக்கமுள்ள ஒரு வக்கீலை இந்த வாரமே உங்கள் சொந்தச் செலவில் அமர்த்துங்கள். கம்பெனியின் விசா வக்கீலிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் பெரும்பாலும் கம்பெனிக்கும் உங்களுக்கும் சேர்த்து வக்கீல். நீங்கள் சொன்னதைக் கம்பெனியிடம் மறைக்க அவரால் முடியாமல் போகலாம். அந்த பிஸ்டல் உங்கள் வக்கீல் வழியாக, லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி வியாபாரியிடம் போய்ச் சேரட்டும். விற்றவரிடம் பேசுவதும் வக்கீலின் வேலை. பாதிப் பணம் வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் முடித்துவிடுங்கள். அதிகாரிகள் கதவைத் தட்டினால், வக்கீலோடு பேசுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவர்களிடம் பொய் சொல்வதற்கே ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. பின்னால் க்ரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போடும்போது, கைதாகாவிட்டாலும் குற்றம் ஏதாவது செய்ததுண்டா என்ற கேள்வி வரும். அதற்கு என்ன பதில் என்பதை அன்றைக்குத் தனி குடியேற்ற வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அங்கே பொய்யாக ‘இல்லை’ என்று எழுதி, அது பிற்பாடு வெளியே வந்தால், க்ரீன் கார்டே நிலைக்காது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஐ-797, பாஸ்போர்ட், அந்த மெசேஜ்கள் முழுவதும், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பிஸ்டலை எடுத்துப் போக வேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அவர் சொல்லும் வரை அதைத் தொடாதீர்கள்.