சுருட்டுகிற ஷூ வேண்டாம், அமுங்குகிற ஷூ போதும்

கேள்வி: எனக்கு வயது 41, திருச்சி. இன்சூரன்ஸ் நிறுவனத்தில் ஆடிட் பிரிவில் இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர், கையில் ஒரே ஒரு முதுகுப்பை. வாரம் மூன்று நாள் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுவேன். வெளியூரிலும் அதை விட மனசில்லை. ஆனால் இப்போதுள்ள ஷூ பையில் பாதியை அடைத்துக்கொள்கிறது. ஒரு கடையில் ஷூவைப் பந்து மாதிரி சுருட்டிக் காட்டி, "டிராவலுக்கு இதுதான் மேடம்" என்றார்கள். விலை 3,999 ரூபாய். இன்னொரு கடையில் மெஷின் மேல் நிற்க வைத்து, "உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட்" என்று சொல்லி 2,800 ரூபாய்க்கு இன்சோலும் எடுக்கச் சொன்னார்கள். எடை குறைந்த ஷூவில் ஓடினால் முட்டி தேயும் என்கிறார் கணவர். எனக்கு முட்டிவலியோ சர்க்கரையோ இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து 5-ஆம் நம்பர்தான் போடுகிறேன். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு முன்பக்கம் கொஞ்சம் இறுக்குகிறது. எதை வாங்கலாம்?

பதில்: சுருட்டுகிற ஷூவை வாங்காதீர்கள். இன்சோலும் வேண்டாம். 5-ஆம் நம்பரையும் விட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் கணவரின் பயம். எடை குறைந்த ஷூவால் முட்டி தேயாது, ஓடுவதாலும் தேயாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2017-ல் வந்தது. உடம்பு நலத்துக்காக அளவோடு ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் அது 10.2 சதவீதம். வாரம் 15 கிலோமீட்டர் ஓடுகிற நீங்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்தது பை. உங்கள் பிரச்சினை எடை இல்லை, இடம். ஒரு ஷூ 200 கிராம் என்றால் ஜோடி 400 கிராம். 300 கிராம் என்றால் ஜோடி 600. வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீரின் எடை, அவ்வளவுதான். கடைக்காரர் சொல்கிற எடை ஒரு காலுக்கு மட்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பல நேரம் ஆண்களின் மாதிரி அளவுக்கானது. பெண்கள் ஷூவின் எடை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். 200 முதல் 240 கிராமுக்குள் இருந்தால் உங்களுக்குப் போதும். அதற்கும் கீழே போனால் எடையைக் குறைக்க எதையோ வெட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அது அடியில் இருக்கிற ரப்பராக இருக்கும். ரப்பர் இல்லாத வெறும் ஃபோம் அடி மழை நாளில் டைல்ஸ் தரையில் வழுக்கும். குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழேயும் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இடத்தை அடைப்பவை இரண்டு: குதிகாலைச் சுற்றி உள்ளே வைக்கிற கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம், அப்புறம் அடிப்பாகத்தின் தடிமன். கடையில் ஷூவின் பின்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள். உள்பக்கம் சாய்ந்து கொடுத்தால் அது பையில் தட்டையாகிவிடும். மேல்துணி ஒற்றை அடுக்காக, பஞ்சுத் திண்டு குறைவாக இருக்கட்டும். அடிப்பாகம் மட்டும் தன் வடிவத்தில் இருக்க வேண்டும். இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில்தான் ஷூவும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் ஓட உதவாது, கீழே வைத்துவிடுங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இப்போது போடுகிற ஷூவில் அது 10 ஆக இருந்து, திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டிவரும்.

சுருட்டுகிற ஷூ அந்தப் பூஜ்ய வகை. வெறுங்காலோடு ஓடுவது போல என்று சொல்லி விற்கிறார்கள். இந்த வகையை உலகமெங்கும் பிரபலமாக்கியது வைப்ரம் நிறுவனத்தின் ஐந்து விரல் ஷூ. அது காயத்தைக் குறைக்கும், பாதத்தைப் பலப்படுத்தும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2014-ல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியவர்கள் அந்த மாதிரி ஷூவில் ஓடட்டும். புதிய ஊரில், சிமெண்ட் ரோட்டில், முதல் நாளே 5 கிலோமீட்டர் ஓடப்போகிற உங்களுக்கு அது கூடாது.

"லைட் வெயிட்" என்று கேட்டதுமே கார்பன் தகடு வைத்த ரேஸ் ஷூவை நீட்டுவார்கள். எடை குறைவுதான், ஆனால் தகடு வளையாது, விலை பயங்கரம், சீக்கிரம் தேயும். வேண்டாம்.

ஸ்கேன் மெஷின் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ தேர்ந்தெடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைகளில் பயிற்சி பெறுகிறவர்களிடம், பெண்களையும் சேர்த்து, ஆயிரக்கணக்கில் சோதித்துப் பார்த்தார்கள். பாத வளைவுக்கு ஏற்ற ஷூ கொடுத்த குழுவிலும், எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்த குழுவிலும் காயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. வலி இல்லாத தட்டைப் பாதம் நோயே அல்ல. திரையில் சிவப்பும் பச்சையும் காட்டினால் நமக்குப் பயம் வருகிறது, அந்தப் பயத்தில் 2,800 ரூபாய் போய்விடுகிறது. அதில் விற்பவருக்கு இன்சென்டிவ் உண்டு. பிசியோதெரபிஸ்டாக என்னிடம் வலியோடு வருகிறவர்கள் பலரின் பையில் இப்படி வாங்கிப் போடாமல் விட்ட இன்சோல் ஒன்றிருக்கும்.

இப்போது அளவு. கர்ப்ப காலத்தில் பாதத்தின் வளைவு இறங்கி, பாதம் நீண்டு அகலமாவது பல பெண்களுக்கு நடக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் அது பழையபடி திரும்பாமல் போகலாம். உங்கள் முன்பாதம் இறுக்குவதற்குக் காரணம் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில் கடைக்குப் போங்கள். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் இருக்கிற இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் வழிந்தால் ஷூ குறுகல், நம்பர் எதுவானாலும். அப்புறம் ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலிலும் பாருங்கள்.

நம்மூர்ப் பெண்களின் பாதத்துக்கு ஷூ செய்கிறவர்கள் யாரும் இல்லையா என்று எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறையே பரிந்துரைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு கடைக்குப் போனால் இன்னும் யு.கே. 5, யு.கே. 6 தான். பெண்களுக்கு அகல ஷூ கேட்டால் "அப்படி ஸ்டாக் வராது மேடம்" என்கிறார்கள். நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் போன்ற நிறுவனங்கள் சில மாடல்களைப் பெண்களுக்கு 'டி' என்கிற கூடுதல் அகலத்திலும் செய்கின்றன, ஆனால் கடை அலமாரிக்கு அது வந்து சேருவதில்லை. இதுவும் போதாதென்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. ஒரு பெண் ஒழுங்காக ஓடத் தகுந்த ஷூ பெரும்பாலும் 2,500-ஐத் தாண்டிவிடும். ஓடச் சொல்லி விளம்பரம் செய்கிற அரசு அதை ஏன் ஆடம்பரப் பொருள் மாதிரி நடத்துகிறது?

ஒரு வழி சொல்கிறேன். பெண்களின் அகல அளவான 'டி'தான் ஆண்களுக்குச் சாதாரண அகலம். யு.கே. 6 உங்களுக்குச் சரியாக வந்தால், அதே மாடலில் ஆண்களுக்கான 6-ஐயும் போட்டுப் பாருங்கள். குதிகால் லேசாகத் தளரலாம். லேஸ் துளைகளில் கடைசியாக ஒன்று சும்மா இருக்கும். அதில் லேஸைக் கோத்து இரு பக்கமும் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்க முனையை அதற்குள் விட்டுக் கட்டினால் குதிகால் நிற்கும். அப்படியும் வழுக்கினால் விட்டுவிடுங்கள்.

மாடல் பெயர் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பெயரில் அடுத்த வருடம் வருகிற ஷூவின் அகலமும் தடிமனும் மாறிவிடுகின்றன. போட்டுப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள்தான் ஏமாற்றுக்காரர்களிடம் முதலில் மாட்டுகிறார்கள்.

அந்த ஆட்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், ஆம்பூர் கம்பெனி மால்" என்று 12,000 ரூபாய் ஷூவை 1,800-க்குத் தருவதாகச் சொல்வார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலுக்குப் பேர் போன ஊர்கள். நீங்கள் தேடுவது வலைத்துணியும் ஃபோமும். ஆம்பூர் பெயரைச் சொல்லி ஓட்ட ஷூ விற்கிறவர் உங்களுக்கு அந்த ஊர்த் தொழில் தெரியாது என்று நம்பித்தான் பேசுகிறார். கொஞ்சம் விவரமானவர் செய்யாறு என்பார். செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்கு ஷூ செய்து தரும் ஆலை உண்மையிலேயே இருக்கிறது, அந்த உண்மைதான் அவருக்கு முதலீடு. கழித்துப் போட்ட ஜோடி என்றால் ஏன் கழித்தார்கள்? ஒட்டு சரியில்லாமலோ, இரண்டு காலுக்கும் ஃபோம் ஒரே மாதிரி இல்லாமலோ இருக்கலாம். ஓடும்போதுதான் அது தெரியும். பெரும்பாலும் கழித்ததுகூட இல்லை, "ஃபர்ஸ்ட் காப்பி" என்கிற அச்சு அசலான போலி. மேலே பார்க்க ஒன்றுதான். அடியில் இருப்பது விலை மலிந்த ஃபோம், இரண்டு மாதத்தில் அமுங்கிக் கல்லாகிவிடும்.

அசல் கடையிலும் ஒரு பொறி உண்டு. 60 சதவீதம் தள்ளுபடி என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்கள். தயாரித்த மாதமும் வருடமும் அதில் இருந்தாக வேண்டும், சட்டப்படி. மூன்று வருடம் கோடவுன் வெக்கையில் கிடந்த ஷூவின் பசை, போடும் முன்பே பலமிழந்திருக்கும். சீட்டைக் கிழித்திருந்தாலோ, அதன் மேல் வேறு சீட்டு ஒட்டியிருந்தாலோ வாங்காதீர்கள். உங்கள் ஊர் ஓட்டக் குழுவில் யாராவது "என் கூப்பன் கோடு போட்டால் 10 சதவீதம் குறையும்" என்று ஒரே பிராண்டைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அவருக்கு அதில் கமிஷன் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சர்க்கரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 41 வயதில், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போயிருந்தால் இன்னும் கட்டாயமாக, ஒரு முறை பார்த்துவிடுங்கள். நான் மேலே சொன்ன எதுவும் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் பொருந்தாது. சின்னக் கல்லோ தையல் முடிச்சோ உள்ளே உறுத்தினால் உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஓடி முடித்து ஷூவைக் கழற்றும்போது சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கிற நிலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். "போட்டால் சுகமாக இருக்கிறதா" என்கிற சோதனையே அவர்களிடம் செல்லாது, ஏனென்றால் உணர்ச்சியே குறைவு. அவர்கள் ஷூ வாங்கும் முன் டாக்டரிடம் போய், 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். இரண்டு நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தால் மெல்லிய மேல்துணியும் குறுகிய முனையும் உள்ள எடை குறைந்த ஷூ கூடவே கூடாது. விரலுக்கு மேல் உயரமாக இடம் விட்ட, உள்ளே தையல் உறுத்தாத ஷூ வேண்டும். வீட்டில் நடக்க எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு நல்லது, ஆனால் அதைப் போட்டு ஓடக் கூடாது. பையில் இடத்தை மிச்சப்படுத்த ஷூவுக்குள் சார்ஜர், டப்பா என்று திணிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அவர்கள் அதைச் செய்தால், போடும் முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு அந்தப் பழக்கம் நல்லதுதான். குதிகால் கிண்ணம் இல்லாத ஷூவுக்குள் சாக்ஸையும் மாற்றுத் துணியையும் சுருட்டி வைத்தால் அந்த இடமும் வீணாகாது. ஒன்றின் குதிகால் மற்றதன் முனையில் வருகிற மாதிரி, அடியோடு அடி சேர்த்துத் துணிப்பையில் போடுங்கள். இதையெல்லாம்விட எளிய வழி, ஷூவைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறி, ஆபீஸ் செருப்பைப் பையில் வைப்பது. சுடிதாருக்கு இது சுலபம். புடவைக்குச் சிலர் யோசிக்கிறார்கள், யோசிக்க வேண்டியதில்லை.

ஓடி நனைந்த ஷூவைப் பாலிதீன் கவரில் கட்டாதீர்கள், பசை விடும். இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். எடை குறைந்த ஷூ 500 கிலோமீட்டர் வரை தாங்கும். உங்கள் கணக்குக்கு எட்டு மாதம். வாங்கிய தேதியை ஷூவின் நாக்குப் பட்டைக்கு உள்பக்கம் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று அதில் அச்சடித்திருந்தாலும், குறை உள்ள ஷூவை மாற்றித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. அளவு சரியில்லை என்பது மட்டும் குறையாகாது. அதனால்தான் கடையிலேயே போட்டு, வாசலில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்க்கச் சொல்கிறேன். ஒட்டு விட்டுக் கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள்.